கல்லான மரத்துக்கு வேலி உண்டு, பாட்டுத் தட்டுக்கு?

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். வெட்டினால் கோடரிதான் உடையும். அது கல்லாகிவிட்ட மரம்!

சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடலின் சேற்றில் புதைந்த மரம் மெல்ல மெல்லக் கல்லாயிற்று. 1940ஆம் ஆண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். இன்று அதற்கு வேலி போட்டிருக்கிறார்கள். அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில், கல்லான நத்தைக்கும் சிப்பிக்கும் ஓர் அருங்காட்சியகமே கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம்.

ஆனால் அதே ஊர்களில், 80 ஆண்டுகளுக்கு முன்பு பாடிய குரல்கள் பரணில் கிடக்கின்றன. பாட்டன் வாங்கிய கிராமபோன் தட்டுகள்! வீட்டை இடித்துக் கட்டும்போது அவை தெருவுக்கு வருகின்றன. கிராமபோனின் பித்தளைக் குழாய்க்கு விலை கிடைக்கிறது. அதை ஓட்டல்களில் அழகுக்கு வைக்கிறார்கள். தட்டுகளைக் காயலான் கடைக்காரர் கூட வாங்குவதில்லை. குப்பையோடு குப்பையாகப் போகின்றன.

இது சரிதானா?

கேட்க முடியாத பாட்டு

அரியலூர்ச் சீமைக்கும் சங்கீதத்துக்கும் பழைய உறவு. உடையார்பாளையம் ஜமீனில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கனம் கிருஷ்ணையர் என்ற வித்துவான் இருந்தார். அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பிப் பாடும் ‘கனம்’ என்ற அரிய முறையில் அவர் கெட்டிக்காரர். அதனால்தான் பெயரோடு ‘கனம்’ ஒட்டிக்கொண்டது. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாத ஐயரின் தந்தை அவரிடம் பாட்டுக் கற்றவர். ஐயர் சிறு பிள்ளையாக அரியலூரில் வளர்ந்தவர். பிற்காலத்தில் கிருஷ்ணையரின் வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

புத்தகம் இருக்கிறது. பதங்கள் இருக்கின்றன. அந்தக் குரல்? போயே போய்விட்டது. அமெரிக்காவில் எடிசன் ஒலியைப் பிடித்து வைக்கும் இயந்திரத்தைச் செய்தது 1877இல். கிருஷ்ணையர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அது யார் குற்றமும் அல்ல. இயந்திரம் வந்த பிறகும் இழந்தால் அது நம் குற்றம்தான்.

மூன்று நிமிஷச் சங்கீதம்

1902இல் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து பாட்டுகளைப் பதிவு செய்தார். பாடியவர்களில் ஒருவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும், “என் பெயர் கௌஹர் ஜான்” என்று ஆங்கிலத்தில் அவரே சொல்லுவார். தட்டு அச்சானது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள்.

அந்தத் தட்டு அரக்கினால் செய்தது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். அதற்குமேல் இடம் இல்லை. கோவில் வீதியில் மணிக்கணக்காக ஒரே ராகத்தை வாசிக்கும் நாதசுர வித்துவான், மூன்று நிமிஷத்தில் என்ன செய்வார்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். காவிரியைச் சொம்பில் அள்ளியது போல, ஆனாலும் அது காவிரித் தண்ணீர்தான்!

1948இல் அமெரிக்காவில் நெடுநேரத் தட்டு வந்தது. பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல் ஓடும். அதன் பிறகுதான் அந்த நாட்டில் ஒரு புதுமை நடந்தது.

சாக்சபோனை உடைத்தார்கள்

கறுப்பின மக்கள் வளர்த்த இசை ஜாஸ். அதில் மெட்டு உண்டு, தாளக் கணக்கு உண்டு. ஆர்னெட் கோல்மன் என்ற ஏழை இளைஞர், “இந்தக் கட்டுகள் எதற்கு? மனசு போகிற வழியில் வாசிப்போம்” என்று கிளம்பினார். ஆரம்ப காலத்தில் ஓர் ஊரில் அவரை அடித்து, சாக்சபோனையும் உடைத்துவிட்டார்கள்! அவர் அசரவில்லை. பிற்பாடு பிளாஸ்டிக் சாக்சபோன் ஒன்றை வாங்கி வாசித்தார்.

1960 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் எட்டுப் பேரைக் கூட்டினார். நான்கு பேர் வாசிப்பது இடப்புறம் கேட்கும். நான்கு பேர் வாசிப்பது வலப்புறம் கேட்கும். சுமார் 37 நிமிஷம் ஒரே மூச்சில் வாசித்தார்கள். அந்தத் தட்டின் பெயரே ‘ஃப்ரீ ஜாஸ்’, அதாவது கட்டற்ற ஜாஸ். கேட்டவர்களில் பாதிப்பேர் “இது சங்கீதமே அல்ல” என்றார்கள். மீதிப்பேர் “இனி இதுதான் சங்கீதம்” என்றார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இன்னொருவர் சன் ரா. தாம் சனிக் கிரகத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொண்டார்! நம் ஊரில் சனி பிடித்தவர்கள் உண்டு; சனியிலிருந்தே வந்தவர் இவர் ஒருவர்தான். தம் தட்டுகளைச் சொந்தமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அச்சடித்து, பல உறைகளில் கையால் படம் வரைந்து, கச்சேரி நடக்கும் இடத்திலேயே விற்றார். எந்தத் தட்டு எந்த வருஷம், யார் யார் வாசித்தது என்று கண்டுபிடிக்க ரசிகர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

“வேலை இல்லாதவர்கள்!” என்று தோன்றலாம். அப்படி அல்ல. கோல்மன் தட்டில் வாசித்த எட்டுப் பேரில் மேளம் அடித்த இருவர் பில்லி ஹிக்கின்ஸ், எட் பிளாக்வெல். 60 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் பெயர் கேட்டவுடன் கிடைக்கிறது. ஜாஸ் தட்டுகளுக்கு இப்படி விவரப் பட்டியல் தயாரிக்கும் வழக்கத்தைப் பாரிஸ் நகரத்தின் சார்ல்ஸ் டெலோனே 1936லேயே புத்தகமாக்கி வைத்தார்.

தவில் யார்?

நம் பழைய நாதசுரத் தட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். நாதசுரக்காரர் பெயர் பெரிதாக இருக்கும். தவில் வாசித்தவர் பெயர்? பல தட்டுகளில் கிடையாது. கேட்டால் காதைப் பிளக்கும் கைவேகம். ஆனால் ஆள் யாரோ! அந்தக் கலைஞரின் பேரன் இன்று இதே அரியலூரில் இருக்கலாம். தாத்தாவின் கை இந்தத் தட்டில் பேசுவது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இங்கேதான் சேகரிப்பவர்களின் அருமை தெரிகிறது. தட்டின் நடுத்தாளை ஒட்டிச் சிறு எண் ஒன்று பதிந்திருக்கும். அதை வைத்து எந்தப் பாட்டு எதற்குப் பிறகு பதிவாயிற்று என்று சொல்லிவிடுவார்கள். மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலியர், கிராமபோன் கம்பெனி 1899 முதல் 1908 வரை வெளியிட்ட இந்தியத் தட்டுகளுக்கே ஒரு நூல் எழுதினார். மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியது. கூடி உட்கார்ந்து தட்டுப் போட்டுக் கேட்டார்கள், விவாதித்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். சென்னையில் தட்டுத் தேடுகிறவர்களுக்கு மூர் மார்க்கெட்தான் காசி. அது 1985இல் எரிந்து போயிற்று.

ஒரு வேடிக்கை பாருங்கள். சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் வித்துவான் மலேசியாவில் நாதசுரம் கேட்டு மயங்கினார். அங்கேயே கற்கத் தொடங்கினார். பிறகு தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் வந்து தங்கியும் கற்றார். அவர் நாதசுரம் ஊதிய தட்டுகளை ஐரோப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாதசுரம் பிறந்த காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் தட்டு குப்பைக்குப் போகிறது!

மைக்செட்காரர் செய்த சேவை

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தட்டைக் காப்பாற்றியவர் யார் என்றால், பண்டிதர் அல்ல, மைக்செட்காரர்தான். காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் புளியமரத்தில் குழாய் கட்டித் தட்டுப் போட்டவர் அவர். எந்தத் தட்டில் எந்த இடத்தில் கீறல் என்பது கூட அவருக்கு மனப்பாடம். அவர்களிடம் உட்கார்ந்து விவரம் கேட்டு எழுத இதுவரை எத்தனை கல்லூரிகள் மாணவர்களை அனுப்பியிருக்கின்றன?

“எல்லாம்தான் செல்போனில் கிடைக்கிறதே!” என்பார்கள். கிடைப்பது பெயர் பெற்றவர்களின் பாட்டு. உள்ளூர் வித்துவானின் தட்டு யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால்தான் செல்போனுக்கே வர முடியும்.

சேகரிப்பவர்கள் எல்லாரும் உத்தமர்களும் அல்ல. அபூர்வமான தட்டை வாங்கிப் பீரோவில் பூட்டி, விலையை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. யாரும் கேட்காத தட்டு குப்பைமேட்டில் இருந்தால் என்ன, பீரோவில் இருந்தால் என்ன? சனி ஞாயிறுகளில் நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். ஊர் நூலகங்கள் மாதம் ஒரு மாலை இதற்கு இடம் கொடுத்தால் செலவு ஒன்றும் ஆகிவிடாது. புரியாத வாசிப்பாக இருந்தாலும் முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சண்டை போடட்டும். கோல்மனைக் கேட்டவர்கள் அதைத்தானே செய்தார்கள்!

வீட்டில் தட்டு இருந்தால் படுக்கப் போட்டு அடுக்காதீர்கள். கீழே இருப்பது நொறுங்கும். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, கரைந்துவிடும். ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். நடுத்தாள் நனையக் கூடாது. பிறகு வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள்: இது யார் வாங்கியது? எந்தக் கல்யாணத்தில் போட்டது? தவில் வாசித்தவர் இன்னார் என்று அந்தக் காலத்தில் யாராவது சொன்னார்களா? சொல்வதை ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள்.