மறைத்துவைக்க வேண்டிய கடிதங்களா?

பெருந்தலைவர் ஒருவர் தம் வீட்டுக் கவலையையும் தொழில் முடக்கத்தையும் எழுதிய கடிதங்களை வெளியிடுதல் அவர் பெருமைக்கு இழுக்கு என்பார் நம்மிடையே உளர். மேடை முழக்கம் நாட்டுக்கு உரியது, அடுப்படிச் செய்தி குடும்பத்திற்கு உரியது என்பது அவர்தம் வாதம். பண்பாடுபோலத் தோன்றும் இவ்வாதம் வ.உ.சிதம்பரனாரின் கடிதங்களுக்கு முன் நிற்காது.

1906இல் 10 இலட்ச ரூபாய் மூலதனம் வகுத்துச் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தவர் அவர். 1908இல் சிறை புகுந்து 1912 டிசம்பரில் மீண்டபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் தொழில் உரிமையும் பறிபோயிருந்தது. அண்ணனுக்கு விதித்த தண்டனையைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை திரிந்து போயிருந்தார். சென்னையில் மளிகைக்கடை வைத்துக் குடும்பத்தைக் காக்க முயன்றார் சிதம்பரனார். பாடநூல்களோ செக்கோடு கதையை முடித்துக்கொள்கின்றன!

1915இல் அவர்க்கும் காந்தியடிகளுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தைப் படித்துப் பார்க்கட்டும். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்க்கெனத் திரட்டித் தந்த பணம் என்னவாயிற்று என்பதே அதன் பெரும்பொருள். கொடுத்தவர் யாவர், தொகை எவ்வளவு என்பது காந்தியடிகளுக்குத் தெளிவாக நினைவில்லை. மாதக்கணக்கில் கடிதங்கள் போயின, வந்தன. தம் நிலையில் அப்பணத்தை வேண்டாவெனல் தகாது என்னும் கருத்துப்பட எழுதிய சிதம்பரனார் ஓரிடத்தும் கெஞ்சவில்லை. சில நிமிடம் சந்திக்கலாம் என்று காந்தியடிகள் எழுதியபோது, தம் பேச்சு அவ்வளவில் முடியாது என்று விடை விடுத்தவரும் அவரே. 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது.

இதில் தலைகுனிய வேண்டியவர் யார்? கப்பல் வந்தபோது கைதட்டிவிட்டு, கடை வைத்தபோது கண்டுகொள்ளாத சமுதாயமன்றோ? கடிதங்களை மூடச் சொல்வோர் காப்பது சிதம்பரனாரின் மானத்தையன்று.

பினாங்கு லிட்டில் இந்தியாவினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சிதம்பரனார் எதிர்த்து நின்ற அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்களே நாகப்பட்டினத்திலிருந்து இவ்வூருக்குத் தமிழரை ஏற்றி வந்தன. தாயின் நோய், தங்கையின் திருமணம், வராத பாக்கி, விற்காத சரக்கு ஆகிய யாவும் ஒரே தாளில் நெருங்கிக் கிடக்கும் கடிதங்கள் குயின் வீதிக்கும் மார்க்கெட் வீதிக்கும் புதியன அல்ல. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரானது முதல் கடை முகப்புகளின் அழகைப் பேசுவார் பலர். கடை கைமாறும் நாளில் மேல்மாடித் தகரப்பெட்டி எங்கே போயிற்று என்று கேட்பார் சிலரே.

வ.உ.சி.யின் கடிதங்களைத் தொகுத்து 1984இல் நூலாக்கிய ஆ.இரா.வேங்கடாசலபதி அப்போது மாணவர். அவர் எவரிடமும் பட்டம் காட்டிவிட்டுத் தேடப் புறப்படவில்லை. பினாங்குத் தமிழ் மாணவரும் குயின் வீதிப் பெரியவர் ஒருவரிடம், “ஐயா, வீட்டில் பழைய கடிதங்கள் உண்டா?” என்று கேட்கலாம், ஆசிரியர்கள் அவர்களை அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவே.