எளிய தளமும் நீண்ட ஆயுளும்

மாணவர்களே, இணையத்தளம் ஒன்றைத் தொடங்குவது எளிது. அதனைப் பத்தாண்டுகள் பேணுவது அரிது. திறப்பு விழாவன்று ஒளிர்ந்த தளங்கள் பல, ஈராண்டுக்குள் ஆளற்ற மண்டபம்போல் ஆகிவிடுகின்றன. முகப்பில் என்றோ முடிந்த விழாவின் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பைச் சொடுக்கினால் வெற்றுப் பக்கம் தோன்றும். இதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் அன்று. பேணுவோரின் ஆற்றலுக்கு மீறிய ஒப்பனையே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

மதுரைத் திட்டத்தை இதற்கு மாறான சான்றாகக் கூறுவேன். தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கும் இம்முயற்சி, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனனும் இதனை ஒருங்கிணைத்தனர். பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் ஊதியம் பெறாமல் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் உதவினர்.

அத்தளத்தைத் திறந்து பாருங்கள். அசையும் படம் இல்லை, இசை இல்லை. எண், நூற்பெயர், ஆசிரியர் பெயர் என ஒரு நீண்ட பட்டியல்; சொடுக்கினால் நூல். புதிய நூலைச் சேர்க்கக் கோப்பு ஒன்றை ஆயத்தம் செய்து, பட்டியலில் ஒரு வரி கூட்டினால் போதும்.

இவ்வெளிமையின் பயன் எழுத்துக் குறியீடு மாறியபோது புலப்பட்டது. அக்காலத்தில் ஓர் எழுத்துருவில் உள்ளிட்ட தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றும். தொடக்கத்தில் தனித்தனி எழுத்துருக்களில் அமைந்த நூல்கள், திஸ்கி என்னும் குறியீட்டுக்கும், பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பெற்றன. கோப்புகளில் எழுத்தும் சில குறிகளும் மட்டுமே இருந்தமையால் அம்மாற்றம் இயன்றது. ஓலை நைந்துபோகுமுன் புதிய ஓலையில் படியெடுத்த நம் முன்னோர் செயலை இது எனக்கு நினைவூட்டுகிறது. பிளாஷ் என்னும் மென்பொருளால் அழகுற அமைத்த பக்கங்களுக்கோ அப்பேறு வாய்க்கவில்லை. 2020ஆம் ஆண்டு இறுதியில் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டபின், அவை உலாவிகளில் திறப்பதில்லை. சொற்களும் இணைப்புகளும் மட்டுமே கொண்டு டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவாவில் அமைத்த உலகின் முதல் இணையத்தளத்தின் பக்கங்களையோ நாம் இன்றும் படிக்கலாம்.

எளிமைக்கும் விலை உண்டு. எல்லா நூல்களிலும் ஒரு சொல் எங்கெங்கு வருகிறது எனத் தேட, வெறும் பக்கங்கள் போதா, தரவுத்தளம் வேண்டும். தொடர்வண்டிப் பயணச்சீட்டு வழங்கும் தளத்திற்கும் அவ்வாறே. ஆனால் பள்ளிக்கும் ஊர்ச் சங்கத்திற்கும் அத்தகைய தேவை ஏது?

நாம் வாழும் பெங்களூருவில் மென்பொருள் வல்லுநர்க்குப் பஞ்சமில்லை. தளம் அமைத்துத் தரும் அன்பர், தம் திறமை முழுவதையும் அதில் காட்ட விழைவார். அவர் வேறு நகருக்குப் பணி மாறிச் செல்லும்போது, சில வேளைகளில் கடவுச்சொல்லும் உடன் சென்றுவிடும்! எம்போன்ற மத்தியப் பள்ளி ஆசிரியர்களும் இடமாற்றத்திற்கு உரியவர்களே. வருகைப் பதிவேட்டை ஒப்படைப்பதுபோல், தளத்தையும் அடுத்து வருபவரிடம் ஒரு மணி நேரத்தில் விளக்கி ஒப்படைக்க இயல வேண்டும்.

உங்கள் தமிழ் மன்றத்திற்கு நீங்கள் ஒரு பக்கம் அமைப்பதாயின், அறிவிப்பைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே உள்ளிடுங்கள். பார்வையற்றோர்க்குத் திரைவாசிப்பான் அதனைப் படித்துக் காட்டும். பிழையிருப்பின் நீங்களும் உடனே திருத்தலாம். ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். தேர்வு நாள் மூன்று பக்கங்களில் இருந்தால், ஒன்றைத் திருத்தி இரண்டை மறப்பது உறுதி. பக்கத்தின் அடியில் இறுதியாகப் புதுப்பித்த நாளை எழுதுங்கள்; கடவுச்சொல்லை மன்றப் பொறுப்பாசிரியரிடமும் கொடுத்து வையுங்கள்.