தோட்டத்து வீட்டுக்கு எதற்கப்பா ‘ஃபார்ம்ஹவுஸ் ஸ்டைல்’?



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம். ஊரில் வீட்டு வேலை நடந்துகொண்டிருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து விழித்திருக்கவும்.

பொங்கல் முடிந்ததிலிருந்து நாலு பேர் எனக்குப் படம் அனுப்பிவிட்டீர்கள். ஒருவருக்குச் சோழவந்தான் பக்கம் வீடு, ஒருவருக்கு மேலூர் பக்கம், இரண்டு பேருக்கு வாடிப்பட்டிக்கும் அலங்காநல்லூருக்கும் நடுவில். எல்லாமே தாத்தா காலத்துக் காரை வீடு. கேள்வியும் ஒரே கேள்விதான். “டீச்சர், அடுப்படிக்கு ஷேக்கர் கதவு போடலாமா, கைப்பிடி இல்லாத அக்ரிலிக் போடலாமா?” என் அண்ணன் மகன் இன்னும் ஒருபடி மேலே போய், “அத்தை, ஃபார்ம்ஹவுஸ் ஸ்டைல்னு ஒண்ணு வந்திருக்கு, வெள்ளைக் கலர்ல, பாருங்களேன்” என்கிறான். வீட்டைச் சுற்றி நெல் வயல். வாசலில் வைக்கோல் படப்பு. கொல்லையில் இரண்டு மாடு. அந்த வீட்டுக்குத் தோட்டத்து வீட்டுக் களை வர, கேட்டலாக்கைப் பார்த்து அட்டைப்பெட்டி அடிக்க வேண்டுமாம்.

என் பதில்: இரண்டும் வேண்டாம். வெள்ளையும் வேண்டாம், சாம்பல் நிறமும் வேண்டாம். அந்தச் சுவரில் ரெடிமேட் கப்போர்டே வேண்டாம்.

முதலில் அந்தச் சுவர் என்ன சுவர் என்று பாருங்கள். செங்கல்லை மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியது. ஒன்றரை அடி கனம். அதற்கு அடியில் இன்றைக்கு நாம் போடுகிற மாதிரி ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. பெரியாறு அணைத் தண்ணீர் 1895-லிருந்து நம் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. கால்வாயில் தண்ணீர் விட்டு, வயலில் நடவும் ஆகி, ஐப்பசி மழையும் சேர்ந்துவிட்டால் தரை ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். பழைய சுவர் அந்த ஈரத்தை இரண்டு பக்கமும் விட்டுவிடும். சுண்ணாம்பு மூச்சு விடும் பொருள். கோடை வந்ததும் காய்ந்துவிடும். இத்தனை வருஷம் அந்தச் சுவர் நின்றது அப்படித்தான்.

இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமென்ட் பூசி, கூரை வரை டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் கப்போர்டு மாட்டுகிறீர்கள். ஈரத்துக்குப் போக வழி இல்லை. இன்னும் மேலே ஏறும், இல்லையென்றால் உள்ளேயே நின்று உப்புப் பூக்கும். டைல்ஸ் பொருமும். கப்போர்டின் முதுகுப்பலகை ஊறும். பலகை எம்.டி.எஃப். என்றால் கேட்கவே வேண்டாம். மரநாரையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்தது அது. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

“வாட்டர் ப்ரூஃப் பிளைவுட்தான் போடுறோம் டீச்சர்.” யார் சொன்னது, கடைக்காரரா? பலகையின் முத்திரையைப் படியுங்கள். ஐ.எஸ். 710 என்று இருந்தால் மரைன் பிளை. ஐ.எஸ். 303-ல் எம்.ஆர். என்று இருந்தால் ஈரக்காற்றைத் தாங்கும் என்று மட்டுமே அர்த்தம், தண்ணீரைத் தாங்கும் என்று இல்லை. அந்த இரண்டு எழுத்தைக் காட்டித்தான் பாதிப் பேருக்கு வாட்டர் ப்ரூஃப் என்று விற்கிறார்கள். சரி, மரைன் பிளையே போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை மாட்டுகிற மண் சாந்துச் சுவரில் டிரில்லை வைத்தால் மணல் கொட்டுகிறதே, நாற்பது எவர்சில்வர் தட்டும் டம்ளரும் நிறைந்த பெட்டியை எந்த ஸ்க்ரூ தாங்கும்?

அடுத்தது கரையான். நெல் வயலுக்கு நடுவே, வைக்கோலுக்குப் பக்கத்தில், மண் சுவர் வீட்டில் இருந்துகொண்டு கரையானை மறந்துவிட்டு வடிவம் பேசுகிறீர்கள். திறந்த அலமாரியில் கரையான் மண்கோடு இழுத்தால் காலையில் கண்ணில் படும். விளக்குமாற்றால் தட்டி, மருந்து வைத்துவிடலாம். கப்போர்டு சுவரோடு ஒட்டி நின்றால் அதன் முதுகுக்குப் பின்னால் நடப்பது யாருக்கும் தெரியாது. என் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு கதவு கழன்று விழுந்தது. பின்பலகையைப் பிரித்தால் தரையிலிருந்து பரண் வரை மண். போட்டுக்கொடுத்தவர்களைக் கூப்பிட்டால், “கரையான் வாரன்டில வராதுக்கா” என்றார்கள்.

கப்போர்டுக்குக் கீழே நாலு அங்குலம் காலும், அதை மறைக்க ஒரு பட்டையும் வைக்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ளாட்டில் அந்தப் பொந்தில் கரப்பான்பூச்சி இருக்கும். தோட்டத்து வீட்டில் தேள் இருக்கும், எலி இருக்கும், எலியைத் தேடிக்கொண்டு வருவதும் இருக்கும். அம்மா இருட்டில் காபி போட எழுந்து வருகிற இடம் அது.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது அந்த ஷேக்கர் கதவைப் பார்த்துத்தான். ஷேக்கர் என்பது 1774-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஒரு கிறிஸ்தவக் கூட்டம். பகட்டு கூடாது, பொருள் என்றால் பயன்பட வேண்டும் என்று வாழ்ந்தவர்கள். அவர்கள் கதவு ஏன் அந்த வடிவம்? மரம் ஈரத்தில் அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும். அதனால் நாலு சட்டம் போட்டு, அதில் காடி வெட்டி, நடுப்பலகையைப் பசை போடாமல் உட்கார வைத்தார்கள். பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் கதவு கோணாது. உங்கள் தாத்தா வீட்டுத் தேக்கு அலமாரிக் கதவைப் போய்த் திறந்து பாருங்கள். சட்டம், காடி, பலகை. நம் ஆசாரிகள் அந்த வேலையைக் கேட்டலாக் பார்த்துக் கற்கவில்லை. நீங்கள் வாங்கப்போகும் ‘ஷேக்கர்’ கதவோ ஒரே எம்.டி.எஃப். பலகை. மெஷினில் பள்ளம் தோண்டி, சட்டம் இருப்பதுபோல் காட்டியிருக்கிறது. நிஜத்தைக் கழற்றி அடுப்பெரித்துவிட்டு, அதன் படத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

மாடுலர் கிச்சனே கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது பிறந்த இடம் வேறு. மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில், உழைக்கும் குடும்பங்களுக்கான சின்னச் சின்ன வீடுகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான் இடம். ரயில் வண்டியின் சமையல் பெட்டியைப் பார்த்து, ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்குப் பார்த்துச் செய்தார். அப்படி ஏறத்தாழ 10,000 சமையலறைகள் அமைந்தன. இன்றைய மாடுலர் கிச்சனுக்குப் பாட்டி அதுதான். சென்னையில் ஃப்ளாட் வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு அது பொருத்தம். தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் அந்த அம்மா எதையெல்லாம் யோசித்தார் என்று பாருங்கள். மாவு வைக்கும் பெட்டியை ஓக் மரத்தில் செய்தார், புழு அண்டாது என்று. ஈ உட்காராது என்ற எண்ணத்தில் நீலம் கலந்த நிறம் பூசினார். உட்கார்ந்து காய் நறுக்கச் சுழலும் ஸ்டூல் வைத்தார். பூச்சி, இடம், உடம்பு எல்லாம் பார்த்த பிறகுதான் அவர் வடிவத்துக்கு வந்தார். உங்கள் டிசைனர் எதைப் பார்த்தார்? அனுப்பியிருக்கும் த்ரீ-டி படத்தில் மேடைமேல் ஒரு கிண்ணம் எலுமிச்சம்பழம் இருக்கிறது. குக்கர் இல்லை. இட்லிப் பானை இல்லை. புளி ஜாடி, உப்பு ஜாடி, 25 கிலோ அரிசிச் சிப்பம், நல்லெண்ணெய் டின், வருஷத்து மிளகாய் வத்தல், விசேஷத்துக்கு எடுக்கிற அண்டா, எதுவுமே இல்லை. அந்தப் படத்து வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது.

கேஸ் விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். அடர்த்தி பாடம் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு பரவித் தேங்கும். அழகு கெடுகிறது என்று 14.2 கிலோ சிலிண்டரைக் கதவு போட்ட கப்போர்டுக்குள் அடைக்கிறீர்கள். அந்த நாலு அங்குலப் பொந்தும் சேர்ந்துகொள்கிறது. வாசனை வெளியே வருவதற்குள் உள்ளே நிறைந்திருக்கும். சிலிண்டர் வெளிச்சமும் காற்றும் இருக்கிற இடத்தில் நிமிர்ந்து நிற்கட்டும். பார்வைக்கு நன்றாக இல்லையா? இல்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி என் நிஜமான கோபத்துக்கு வருகிறேன். கேள்வி அனுப்பிய நாலு பேரும் அந்த வீட்டில் சமைக்கப்போவதில்லை. ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் டல்லாஸ், இருவர் சென்னை. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வந்தால் பத்து நாள். மீதி 355 நாளும் அங்கே நிற்பது உங்கள் அம்மா, அல்லது அண்ணி. அவர்களிடம் கேட்டீர்களா? “கேட்டேன் டீச்சர், உங்க இஷ்டம்ப்பானு சொல்லிட்டாங்க.” அது சம்மதமா? வாழ்நாள் முழுக்க யாரும் அவரிடம் இஷ்டத்தைக் கேட்டதில்லை. நீங்கள் திடீரென்று போன் திரையில் எட்டுப் படம் காட்டிக் கேட்டால் வேறு என்ன சொல்வார்?

நம் அம்மாக்கள் பெரும்பாலும் ஐந்து அடி. கம்பெனி மேடை 34, 35 அங்குலம். அதன்மேல் ஸ்டவ் நாலைந்து அங்குலம், அதன்மேல் இட்லிப் பானை. மூடியைத் திறந்தால் ஆவி நேராக முகத்தில். காய் நறுக்கினால் தோள் தூக்கிக்கொள்ளும். மேல் கப்போர்டின் இரண்டாம் தட்டு கைக்கு எட்டாது, அறுபத்தெட்டு வயதில் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். விழுந்து இடுப்பெலும்பு போனால் எந்த அக்ரிலிக் வந்து தாங்கும்?

கடைசியில் நடப்பதை நான் மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன். புது அடுப்படியில் மஞ்சள் கறை பட்டுவிடும், எண்ணெய் பிசுக்கு ஏறிவிடும், மகன் காசு போட்டுச் செய்தது என்று பயந்து, கொல்லைப்புறத்துத் தகரச் சாய்ப்பில் பழைய ஸ்டவ்வை வைத்து அங்கே சமைக்கிறார்கள். உள்ளே இருப்பது விருந்தாளிக்குக் காட்ட. நீங்கள் வரும் பத்து நாள் மட்டும் அங்கே பால் காய்கிறது.

“பழசையே பிடிச்சுத் தொங்கச் சொல்றீங்களா?” என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு குத்துக்காலிட்டுச் சமைத்த தலைமுறையை நான் பார்த்தவள். அதற்கு யாரும் திரும்பப் போகக் கூடாது. நின்று சமைக்க மேடை வேண்டும், குழாயில் தண்ணீர் வேண்டும், புகை போக ஃபேன் வேண்டும், நறுக்குகிற இடத்தில் நிழல் விழாத விளக்கு வேண்டும். இவை எதற்கும் கேட்டலாக் தேவையில்லை.

என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இப்படித்தான் செய்யச் சொல்வேன். காரை விழுந்த இடத்தில் சுண்ணாம்பாலேயே பூசுங்கள், அது தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார், தேடுங்கள். டைல்ஸ் ஸ்டவ்வுக்கும் சிங்க்குக்கும் பின்னால் இரண்டு அடி போதும். மேடைக்குக் கீழே தரையிலிருந்தே செங்கல் தடுப்பு எழுப்பி, நடுவில் கடப்பாக் கல் தட்டு. பொந்து இருக்கக் கூடாது. அம்மாவால் குனிய முடியாது என்பதால் இரண்டு தடுப்பில் மட்டும் இழுக்கிற எவர்சில்வர் கூடை போடுங்கள். மாடுலர்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல விஷயம் அதுதான். மேடைக்குக் கடப்பா வேண்டாம், அது சுண்ணாம்புக் கல், புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்து வெளுக்கும். கிரானைட் போடுங்கள். (மேலூர்ப் பக்கம் மலைகள் போன கதை தெரிந்தவர்கள் அதையும் கூசிக்கொண்டே போடுவீர்கள். ஊரில் யாராவது பிரித்த வீட்டின் பழைய பலகைக்கல் கிடைத்தால் இன்னும் நல்லது.) சிங்க்குக்குக் கீழே கதவே வேண்டாம், ஒழுகினால் தெரியட்டும்.

மேலே தொங்கவிட எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிச் சுவரில் ஏற்கெனவே மாடமும் சுவர் அலமாரியும் இருக்கின்றன, அவற்றை டைல்ஸ் போட்டு மூடாதீர்கள். புதிதாக மாடம் குடைய ஆசைப்பட்டால் கொத்தனாரைக் கேட்காமல் கடப்பாரையை எடுக்காதீர்கள், கூரைப் பாரம் அந்தச் சுவரில்தான் இறங்குகிறது. பிரித்த உத்தரத்தில் தேக்கோ வேம்போ இருந்தால் ஆசாரியிடம் கொடுங்கள், கதவாகிவிடும். கல்லாப்பெட்டி மாதிரி எல்லாவற்றுக்கும் கதவு வேண்டும் என்பதும் இல்லை. புளி ஜாடியை யாரும் திருடப் போவதில்லை.

மேடை உயரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அம்மாவைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, நாலைந்து அங்குலம் கழியுங்கள். ஸ்டவ் வைக்கிற பகுதியை அதைவிட இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். கொத்தனார், “ரெண்டு உயரமா இருந்தா நல்லா இருக்காதும்மா” என்பார். அவர் அங்கே சமைக்கப்போவதில்லை என்று சொல்லுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலு பேரும் எனக்கு அந்த முழங்கை அளவை அனுப்ப வேண்டும். கலர் படம் அனுப்புகிறவர்களுக்குப் பதில் வராது.