வரி எல்லோருடையது, வாசல் யாருடையது?

இங்கிலாந்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு தொடக்கப் பள்ளி இங்கிலாந்துத் திருச்சபையின் பள்ளி. பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று கேட்கும் அங்குள்ள தலித் பெற்றோருக்கு நாம் சொல்வது: சேர்க்கலாம். ஊர்ப் பள்ளிகள் விரட்டிய காலத்தில் நம் முன்னோர் பலருக்கு எழுத்தறிவித்தவை மிஷன் பள்ளிகள்தாம். ஆனால் சேர்க்கை விதிகளை முதலில் படியுங்கள்.

'வாலண்டரி கண்ட்ரோல்டு' பள்ளியில் சேர்க்கை பொதுவாக உள்ளாட்சியின் கையில். 'வாலண்டரி எய்டட்' பள்ளியில் நிர்வாகக் குழுவின் கையில். இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமானால், ஆராதனைக்குத் தவறாமல் வரும் குடும்பங்களுக்கு அது முன்னுரிமை தரலாம். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமே இதற்கு விலக்கு அளிக்கிறது. ஆசிரியர் சம்பளமோ மக்களின் வரிப்பணம்.

ஞாயிறன்றும் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் தாய் எந்த ஆராதனைக்குப் போவார்? விதியில் ஏழை என்ற சொல்லே கிடையாது. வெளியே நிற்பது அவர் பிள்ளை. பெயர் சொல்லாமல் ஒதுக்கும் விதிகளை நாம் நன்றாகவே அறிவோம்.

அதே சட்டத்தில் சாதியைச் சேர்க்கும்படி 2013இல் நாடாளுமன்றம் அரசைப் பணித்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டது. திருச்சபைப் பள்ளிக்கு விலக்கு உண்டு, நமக்குப் பாதுகாப்பு கிடையாதா?

நம் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டாலும், இடம் கிடைக்காத பிள்ளைக்காகவும் நாம் கேட்க வேண்டும்: வரி எல்லோருடையது என்றால், பள்ளி வாசல் ஏன் சிலருக்கு மட்டும் முதலில் திறக்கிறது?