நின்றபடியே வரவேற்பவர்கள்

தீபாவளித் துணி எடுக்க வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் புதுவை நேரு வீதிக்குப் பேருந்து ஏறுகிறோம். பெரிய கடைகளில் இன்முகமும் பணிவும் எதிர்பார்க்கிறோம். தவறில்லை. ஆனால், சலிக்காமல் புடவைகளை விரித்துக் காட்டும் பெண் காலை முதல் நின்றுகொண்டே இருப்பதை எண்ணிப் பார்த்தோமா? அவர் நம் ஊர்ப் பெண்ணாகவும் இருக்கலாம் அன்றோ!

கடைப் பணியாளருக்கு இருக்கை வேண்டுமெனக் கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் சட்டம் கண்டன. பொருளில் குறையிருந்தால் நியாயம் கேட்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. அதைக் கடை முதலாளியிடம் கேட்போம். விற்பனைப் பெண்ணை அதட்டுவது உரிமையாகாது.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை கடை ஏறும்போது, “இவர்கள் உட்கார இடம் எங்கே?” என்றும் கேட்போம். கற்றவர்க்கு அதுவே அழகு.