சங்கிலிச் சத்தம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார இடம் கிடைத்தால், அன்றைக்கு ராசிபலன் பலித்துவிட்டது என்று அர்த்தம். போன வாரம் எனக்குப் பலித்தது.

சிப்காட் நிறுத்தத்தில் நாலைந்து வட இந்தியப் பையன்கள் ஏறினார்கள். கையில் டிபன் தூக்கு, காதில் செல்போன். கண்டக்டர், ‘‘ஏய் வடக்கன், உள்ள போ!’’ என்று ஒரு குரல் கொடுத்தார். பாதி பஸ் சிரித்தது. பொய் சொல்வானேன், நானும்தான்.

பக்கத்து சீட்காரர் ஓர் ஆராய்ச்சியாளர். (பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் என்றைக்குமே ஆராய்ச்சியாளர்தான்.) ‘‘வடக்கேர்ந்து வந்தா வடக்கன். இதுல திட்டு எங்க சார் இருக்கு?’’ என்றார். நியாயம்தானே என்று தலையாட்டி வைத்தேன்.

பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் பு.முட்லூர் வந்ததும் அடுத்த ஆராய்ச்சி. ‘‘வெள்ளைக்காரன் பரங்கிக்காய் நிறத்துல இருந்தான். அதான் பரங்கின்னு பேரு வெச்சோம்.’’

சார் தலைகீழாகப் பிடித்துவிட்டார். காயைப் பார்த்து ஆளுக்குப் பெயர் வரவில்லை. ஆளைப் பார்த்துத்தான் காய்க்கு வந்தது. பூசணி இனத்தில் அந்தக் காய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பரங்கிக்காரன் கப்பல் வந்த பிறகு வந்ததால் பரங்கிக்காய்.

அப்படியானால் பரங்கி? ஐரோப்பாவில் ஃபிராங்க் என்று ஒரு இனம். பிரான்ஸுக்கே அவர்களால்தான் அந்தப் பெயர். 1096-ல் சிலுவைப் போர்கள் ஆரம்பித்தபோது, மேற்கேயிருந்து வந்த எல்லோரையும் அரபுக்காரர்கள் ஒரேயடியாக ஃபிராங்க் என்றே சொன்னார்கள். அது பாரசீகத்தில் ஃபரங்கியாகி, நம் வாயில் பரங்கி ஆனது. ஃபிராங்குகளுக்கு ஒன்றும் உறவில்லாத போர்ச்சுகீசியர் நம் கடற்கரையில் இறங்கி, அந்தப் பெயரைச் சுமந்துகொண்டார்கள். தாய்லாந்தில் வெள்ளைக்காரரும் ‘ஃபரங்’, கொய்யாப்பழமும் ‘ஃபரங்’. அங்கேயும் ஒரு பக்கத்து சீட்காரர் நிச்சயம் இருப்பார்!

ஆக, மூலத்தில் ஒரு திட்டும் இல்லை. ஆனால் 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, ‘நான் பரங்கி இல்லை’ என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் அந்தச் சொல் அவ்வளவு கெட்டுப்போயிருந்தது.

இந்தக் கதையை ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பரின் வீட்டில் அவிழ்த்துவிட்டேன். வீடு பரங்கிப்பேட்டையில். நண்பரின் தாத்தா தொண்ணூறை நெருங்குகிறார். ஐம்பதுகளில் பினாங்குக்குக் கப்பலேறி, மளிகைக்கடையில் வேலை பார்த்தவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். ‘‘நாம அவனுக்கு வெச்சது பரங்கி. அக்கரையில நமக்கு என்ன வெச்சாங்க தெரியுமா தம்பி? கிளிங்.’’

‘‘அப்படின்னா?’’

‘‘அந்தக் காலத்துல நம்ம ஆளுங்களைக் கைதியா கொண்டுபோனான் வெள்ளைக்காரன். கால்ல சங்கிலி. நடந்தா கிளிங், கிளிங். அதான் பேரு.’’

மலேசியத் தமிழர்களில் பலரும் இப்படித்தான் சொல்வார்கள். நான் விடுவேனா? வாய் சும்மா இருக்குமா? அவருக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பாடம் எடுத்தேன்.

‘‘இல்லீங்க ஐயா. இந்தியக் கைதிகளைப் பினாங்குக்கு அனுப்ப ஆரம்பிச்சதே பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியில. சிங்கப்பூருக்கு 1825-லதான். ஆனா போர்ச்சுகீசியர் 1511-ல மலாக்காவைப் பிடிச்சாங்க. அடுத்த சில வருஷத்துல தோமே பிரெஸ்னு ஒருத்தர் எழுதின புஸ்தகத்துலயே அங்க இருந்த தமிழ் வியாபாரிகளுக்கு இந்தப் பேருதான். சங்கிலிக்கு ரொம்ப முன்னாடியே சொல் இருக்கு. கலிங்க நாடுதான் கெலிங். ஒரிசாப் பக்கத்துக் கப்பல்காரங்களுக்கு வெச்ச பேரை, பின்னாடி போன நமக்கும் சேர்த்து வெச்சுட்டாங்க.’’

பெரியவர் பேசாமல் இருந்தார். எனக்கு வேகம் கூடிவிட்டது. ‘‘பினாங்குல 1801-ல கட்டின கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கே, அதைக் கட்டின காதர் மொகிதீன் உங்க ஊர்க்காரர். கப்பித்தான்னா தலைவர். அப்ப அது மரியாதையான பேருங்க!’’

‘‘அந்தப் பள்ளியில தொழுதிருக்கேன் தம்பி’’ என்றார் மெதுவாக. ‘‘புஸ்தகத்துல சங்கிலி இல்லாம இருக்கலாம். ஆனா ஒருத்தன் என்னைப் பாத்து ‘ஏய் கிளிங்’னு கூப்பிட்டப்ப எனக்குச் சங்கிலிச் சத்தம்தான் கேட்டுச்சு. அதுக்கு உங்க புஸ்தகம் என்ன சொல்லுது?’’

என் புஸ்தகம் ஒன்றும் சொல்லவில்லை. நண்பர் டீ கொண்டுவந்து என் மானத்தைக் காப்பாற்றினார்.

யோசித்துப் பார்த்தால், 2003-ல் மலேசியாவில் அந்தச் சொல்லை மலாய் அகராதியிலிருந்து எடுக்கச் சொல்லி வழக்கே போட்டார்கள். அகராதிக்காரர்களுக்குக் கலிங்கம், கேட்டவர்களுக்குச் சங்கிலி. கலிங்கம் வரலாற்றில் சரி. ஆனால் சங்கிலிக் கதை ஏன் பிறந்தது? சொல்லில் வலி இருந்தது. அந்த வலிக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சொல் எங்கே பிறந்தது என்பதல்ல, எந்தக் குரலில் வந்தது என்பதே காதில் விழுகிறது.

‘வடக்கேர்ந்து வந்தா வடக்கன்’ என்ற பஸ் ஆராய்ச்சியும் இந்த ரகம்தான். அகராதிப்படி ரொம்பச் சரி. ‘மதராசி’ என்பதும் அகராதிப்படி மதராஸ்காரன்தான். டெல்லியில் யாராவது நம்மை அப்படிக் கூப்பிட்டால் மட்டும் ஏன் மூக்கு சிவக்கிறது?

திங்கட்கிழமை அதே பஸ். ராசிபலன் கைவிட்டது, நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் அந்தப் பையன்களில் ஒருவன். போனில் அம்மாவிடமோ யாரிடமோ மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்: ‘மதராசி.’ சொன்னபோது என்னைப் பார்த்தானா, ஜன்னலைப் பார்த்தானா, தெரியவில்லை. போனை வைத்ததும் என் தூர்தர்ஷன் காலத்து இந்தியைத் தூசி தட்டி, ‘‘தும்ஹாரா நாம் கியா ஹை?’’ என்று கேட்டேன்.

ஒரு நிமிஷம் திகைத்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னான். கூடவே, ‘‘உங்க பேரு என்ன சார்?’’ என்று தமிழில் கேட்டான்! ஒரு வருஷமாக அதே பஸ்ஸில் வருகிறானாம்.

அவன் பெயர் என்ன என்கிறீர்களா? நான் சொல்வதாக இல்லை. உங்கள் பஸ்ஸிலும் ஒருவன் வருவான். கேட்டுப் பாருங்களேன்.