பெயர் விடுபட்ட பேரேடு

1873ஆம் வருஷம், மே மாதத் தொடக்கம். இன்றைய ஜாம்பியா நாட்டில் சிதாம்போ என்ற ஊர். டேவிட் லிவிங்ஸ்டன் ஒரு குடிசைக்குள் இறந்து கிடக்கிறார். கூட வந்த ஆப்பிரிக்கர்கள் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லோரையும் கூப்பிட்டு, எல்லோர் கண் முன்னாலும் அவருடைய பெட்டிகளைத் திறந்தார்கள். ஜேக்கப் வெயின்ரைட் என்ற இளைஞரிடம் லிவிங்ஸ்டனின் நோட்டு ஒன்றைக் கொடுத்து, உள்ளே இருப்பதை ஒன்று விடாமல் எழுதச் சொன்னார்கள். கொஞ்சம் சில்லறைக் காசு, ஒரு தொப்பி, ஒரு கடிகாரம், திசைகாட்டி, அளக்கும் கருவிகள்... நாளைக்கு யாராவது வந்து 'அது எங்கே, இது எங்கே' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே!

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரியும். சுத்தமான சரக்கிருப்புக் கணக்கெடுப்பு. சாட்சிகள் முன்னிலையில் எடுத்தது. எடுத்தவர் சிறு வயதில் அடிமை வியாபாரிகளிடமிருந்து மீட்கப்பட்டு, நம் நாசிக் பக்கத்துச் சரண்பூர் மிஷன் பள்ளியில் படித்தவர்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் உலகத்துக்குத் தெரிந்த கதை. உடலைப் பதப்படுத்தி, காகிதங்களையும் கட்டி, ஆயிரம் மைலுக்கு மேல் நடந்து, சுமார் 9 மாதத்தில் கடற்கரைக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள். லிவிங்ஸ்டனின் கடைசிக் குறிப்பேடுகளை இன்று ஒருவர் படிக்க முடிகிறது என்றால் அந்தத் தோள்கள்தான் காரணம். ஆனால் 'லிவிங்ஸ்டன் காகிதங்கள்' என்று சொன்னால் யார் பெயர் ஞாபகம் வருகிறது? லிவிங்ஸ்டன் பெயர் மட்டும்தான். வெயின்ரைட் தானே எழுதிய நாட்குறிப்பு 1874லேயே ஜெர்மன் மொழிபெயர்ப்பாக அச்சில் வந்துவிட்டது. அதன் கையெழுத்துப் பிரதி இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வந்தது 2019ல். நடுவில் 145 வருஷம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய காகிதங்களுக்குப் பட்டியல் போடுவது குமாஸ்தா வேலை, அதில் என்ன அரசியல் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. யார் கிடைப்பார்கள், யார் காணாமல் போவார்கள் என்பதை முடிவு செய்வதே பட்டியல்தான். இதற்கு லண்டன் ராயல் புவியியல் சங்கத்தை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

1830ல் தொடங்கிய சங்கம் அது. வரைபடம், புகைப்படம், புத்தகம், கையெழுத்துப் பிரதி, கருவிகள் எல்லாம் சேர்த்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே இருக்கின்றன. பர்ட்டன், ஸ்பீக், லிவிங்ஸ்டன் எல்லோருடைய கடிதங்களும் உண்டு. பழைய கடிதங்களை அடுக்கியிருக்கும் முறை மிகவும் எளிமையானது. பத்துப் பத்து வருஷமாக ஒரு தொகுதி. தொகுதிக்குள் கடிதம் எழுதியவரின் பெயர் வரிசை. சங்கத்தின் பத்திரிகைக்கு வந்த கட்டுரைப் பிரதிகள் உலகப் பகுதி வாரியாக.

பார்க்க எந்தக் குறையும் இல்லை. ஒரு அலுவலகம் தன் தபாலை இப்படித்தான் அடுக்கும். ஆனால் இந்த முறைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பட்டியலில் உங்கள் பெயர் வரவேண்டும் என்றால் நீங்கள் லண்டனுக்குக் கடிதம் எழுதியிருக்க வேண்டும்! வழி காட்டியவர், சுமை தூக்கியவர், துபாஷாகப் பேசியவர், நிலத்தைக் காலால் அளந்தவர் யாரும் சங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் அடுத்தவர் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஏழாவது வரியில் இருக்கிறார்கள். சூமாவும் சூசியும் லிவிங்ஸ்டனின் கடைசி நாள்களை வாயால் சொன்னார்கள், ஹோரேஸ் வாலர் எழுதிக்கொண்டார். 1874ல் புத்தகம் வந்தபோது முகப்பில் அவர்கள் 'விசுவாசமான வேலைக்காரர்கள்'. சொன்னவர் வேலைக்காரர், எழுதியவர் பதிப்பாசிரியர்.

நைன் சிங் ராவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குமாவுன் மலையில் மிலம் கிராமத்துக்காரர். 1865ல் நேபாளம் வழியாக மாறுவேடத்தில் திபெத்துக்குள் நுழைந்து, 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு அடியும் ஒரே நீளம் வரும்படி நடக்கப் பழகிக்கொண்டு, அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி, கணக்கு தப்பாமல் இருக்க. பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் குறிப்புக் காகிதங்கள். இப்படி ஆயிரம் மைலுக்கு மேல்! 1868ல் சங்கத்தின் பத்திரிகையில் இந்தப் பயண அறிக்கை வந்தபோது கட்டுரையாளர் கேப்டன் மாண்ட்கோமெரி. நடந்தவர் வெறும் 'பண்டிட்'.

'உயிருக்கு ஆபத்து, அதனால் பெயரை மறைத்தார்கள்' என்று சொல்லலாம். அன்றைக்கு அது நியாயமான காரணம்தான். ஆனால் 1877ல் அதே சங்கம் நைன் சிங்குக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அன்றோடு ரகசியம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒருவர் அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் மாண்ட்கோமெரியைத் தெரிந்திருக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை, சோம்பேறித்தனம்.

கணக்குப்பதிவியலில் 'விடு பிழை' என்று ஒன்று உண்டு. ஒரு நடவடிக்கையை ஏட்டில் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை. இருப்பாய்வு போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் அழகாகச் சமமாக வரும். பிழை இருப்பதே தெரியாது. தப்பாக எழுதியதைக் கண்டுபிடிப்பதை விட எழுதாமலே விட்டதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். ஆவணப் பட்டியலில் விடுபட்ட பெயரும் அப்படித்தான். பட்டியல் முழுமையாக இருப்பது போலவே தோன்றும். தேடுகிறவர் 'இல்லை' என்ற பதிலோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

இந்த இடத்தில் சிலர் எழுந்து ஒரு சுலபமான வழி சொல்வார்கள். 'பட்டியல் கிட்டியல் எல்லாம் பழைய காலம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போட்டுவிட்டால் போதும். கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்கூட வந்துவிட்டது. தேடினால் கிடைக்கப் போகிறது!'

கிடைக்குமா? ஒரு சின்னச் சோதனை. கிழக்கு ஆப்பிரிக்கப் பயணங்களில் மிகப் பெரிய ஆள் சித்தி முபாரக் பாம்பே. சிறுவனாக அடிமையாகப் பிடிபட்டு இந்தியாவுக்கு விற்கப்பட்டு, விடுதலையாகித் திரும்பியவர். பர்ட்டனோடும் ஸ்பீக்கோடும் இந்துஸ்தானியில் பேசித்தான் அவர்களுக்கு உலகத்தைப் புரிய வைத்தார். 1857லிருந்து பர்ட்டன்-ஸ்பீக், பிறகு ஸ்பீக்-கிராண்ட், 1871ல் ஸ்டான்லி, 1873ல் கேமரூன் என்று எல்லோருக்கும் அவர் தேவைப்பட்டார். கேமரூனோடு கிழக்குக் கரையில் கிளம்பி மேற்குக் கரை வரை கண்டத்தையே கடந்தார். காகிதங்களில் அவருக்குப் பெரும்பாலும் ஒரே பெயர், 'பாம்பே'. இப்போது 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் கடிதங்களில் 'பாம்பே' என்று தேடிப் பாருங்கள். பாம்பே துறைமுகம், பாம்பே ராஜதானி, பாம்பே கவர்னர், பாம்பே படைப்பிரிவு... அந்த மனிதரைத் தேடுவதற்குள் தேடுகிறவருக்கு நரைத்துவிடும் :-)

நைன் சிங் கதையும் இதேதான். ஒரு இடத்தில் 'பண்டிட்', ஒரு இடத்தில் 'தலைமைப் பண்டிட்', ஒரு இடத்தில் 'நம்பர் 1'. இவை எல்லாம் ஒரே ஆள் என்று எந்தத் தேடுபெட்டிக்குத் தானாகத் தெரியும்? படித்து, ஒப்பிட்டு, சந்தேகப்பட்டு, உறுதி செய்து, 'இந்தப் பெயர்கள் எல்லாம் இவரையே குறிக்கும்' என்று ஒரு மனிதர் எழுதி வைத்தால்தான் இயந்திரத்துக்கும் தெரியும். அந்த மனிதருக்குப் பெயர்தான் பட்டியலாளர். ஸ்கேன் செய்வது கிடங்குக்குக் கண்ணாடிச் சுவர் வைப்பது மாதிரி. வெளியே நின்று மூட்டைகளைப் பார்க்கலாம். எந்த மூட்டையில் என்ன என்று இருப்புப் பதிவேடுதான் சொல்லும்.

இன்னொரு கூட்டம் வேறு மாதிரிச் சொல்லும். 'இதெல்லாம் இந்தக் காலத்து ஃபேஷன். பழைய ஆவணத்தில் புதுப் பெயர்களைத் திணிப்பது வரலாற்றைத் திருத்தி எழுதுவது.' என்ன வேடிக்கை! யாரும் புதிதாக எதையும் திணிக்கவில்லையே. பெயர்கள் அந்தக் காகிதத்திலேயே, அந்தக் கால மையிலேயே இருக்கின்றன. பேரேட்டுக்கு எடுத்து எழுதும்போது விட்டுப்போனதை எழுதச் சொன்னால் அது திருத்தமா, மோசடியா? ரசீது கையில் இருக்கும்போது பதிவை மறுப்பவர்தான் கணக்கை மாற்றுகிறவர்.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சங்கம் இதைப் பற்றி எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2009ல் ஃபெலிக்ஸ் டிரைவர், லோரி ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தச் சேகரிப்புக்குள்ளேயே தேடி, வழிகாட்டிகளையும் துபாஷிகளையும் சுமைதூக்கிகளையும் முன்னால் நிறுத்தி 'பயண ஆய்வின் மறைந்த வரலாறுகள்' என்று ஒரு கண்காட்சி நடத்தினார்கள். புத்தகமும் வந்தது. அதை நடத்த விட்டதே அந்தச் சங்கம்தான், தன் கட்டடத்திலேயே. பாராட்ட வேண்டும். ஆனால் அந்தக் கண்காட்சி ஒன்றை நிரூபித்துவிட்டது. பெயர்கள் அத்தனை நாளும் அங்கேயேதான் இருந்தன! தேடி எடுக்க இரண்டு ஆய்வாளர்கள் உட்கார வேண்டியிருந்தது. அடுத்த முறை தேட வரும் மிலம் கிராமத்துப் பெண்ணோ, பகமோயோ ஊர்ப் பையனோ ஆய்வாளராக இருக்க வேண்டும் என்று கட்டாயமா? கண்காட்சி சில மாதத்தில் முடிந்துவிடும். பட்டியல் நூறு வருஷம் நிற்கும்.

இதற்குப் பணம் வேண்டும் என்பது வாஸ்தவம். கண்காட்சிக்கு நன்கொடை தருபவர் பெயரைச் சுவரில் பொறிக்கலாம். பட்டியலாளர் சம்பளத்துக்குக் கொடுத்தால் எங்கே பொறிப்பது? அதனால்தான் எந்த ஊரிலும் ஸ்கேனருக்குக் காசு கிடைத்த வேகத்தில் பட்டியலாளருக்குக் கிடைப்பதில்லை. சங்கத்தின் சேகரிப்பில் ஒரு பகுதி இப்போது வைலி என்ற பதிப்பக நிறுவனத்தின் டிஜிட்டல் தொகுப்பில் இருக்கிறது. சந்தா கட்டும் நூலகங்களுக்குத் திறக்கும். சந்தா கட்ட முடியாத கல்லூரி மாணவனுக்கு மிஞ்சுவது இலவசமாகப் பார்க்கக்கூடிய பட்டியல் ஒன்றுதான். அதிலும் பெயர் இல்லை என்றால் அவனுக்குக் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை.

கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. நாலே நாலு விஷயம்.

ஒன்று, ஒரு காகிதத்தில் பெயரோடு வரும் ஒவ்வொரு மனிதருக்கும் பட்டியலில் தனிப் பதிவு வேண்டும். எழுதியவருக்கு மட்டும் போதாது.

இரண்டு, ஒரே ஆளுக்கு இருக்கும் பல பெயர்களையும், பட்டப் பெயர்களையும், சங்கேத எண்களையும் ஒன்றாக இணைக்க வேண்டும்.

மூன்று, எழுதியவர் யார், சொன்னவர் யார், மொழிபெயர்த்தவர் யார் என்று பிரித்துக் காட்ட வேண்டும். எழுதத் தெரியாதவர் சொன்னதும் அவருடைய சொத்துதான்.

நான்கு, பழைய பட்டியலை அழிக்கக் கூடாது. தேதியோடு அப்படியே பக்கத்தில் வைக்க வேண்டும். கணக்கில் தப்பான பதிவைச் சுரண்டி அழிப்பதில்லை. திருத்தப் பதிவு போடுவார்கள். முன்பு யாரை எப்படி எழுதினார்கள் என்பதும் ஒரு வரலாறுதான்.

திரும்ப அந்தச் சிதாம்போ குடிசைக்குப் போய்ப் பாருங்கள். ஜேக்கப் வெயின்ரைட்டுக்கு ஆவணக் காப்பகப் பயிற்சி கிடையாது. அவருடைய ஆங்கிலம்கூடக் கொஞ்சம் தடுமாறும். ஆனால் ஒரு பட்டியல் எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாளைக்கு ஒருவர் வந்து கேட்பார், அன்று பதில் இருக்க வேண்டும். இறந்துபோன எஜமானரின் தொப்பியைக்கூட அவர் விடவில்லை. அப்படி எழுதியவரின் பெயரை ஒரு பட்டியல் விடலாமா?

யோசியுங்கள்.